மூடாத அம்பாரம்



இந்தத் தூத்துக்குடிக் கடற்கரையில் சர்க்காருக்கும் உழைக்கும் குடிகளுக்கும் உள்ள சம்பந்தத்தைப் பேச வருகிறவன் முத்துக்குளிப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். காலில் கல்லைப் பூட்டி, கயிற்றைப் பற்றி, மூச்சடக்கிக் கடலடிப் பாரில் இறங்கியவன் அள்ளிவந்த சிப்பிகளெல்லாம், பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்துச் சிலாபத்தில், அதாவது முத்துக்குளிப்புப் பருவத்தில், கரையில் மூன்று குவியலாகப் பங்கிடப்பட்டன; இரண்டு குவியல் சர்க்காருக்கு, ஒன்று குளித்தவனுக்கு. செவிப்பறை கிழிந்து கேள்வியை இழந்தவனுக்கும், கடலுக்குப் போய்த் திரும்பாதவனுடைய மனைவி மக்களுக்கும் ஊரும் உறவுமே துணை. தூத்துக்குடியில் கடைசிச் சிலாபம் 1961-இல் நடந்தது.

அந்தச் சிலாபங்கள் ஓயத் தொடங்கிய காலத்தில்தான் பணம் மறுதிசையில், அதாவது பொக்கிஷத்திலிருந்து குடிகளை நோக்கி, மெல்ல நடக்கத் தொடங்கியது என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். 1956-இல் நமக்கு அடுத்த எட்டயபுரத்தில் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 1962-இல் சென்னை சர்க்கார் ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் கொடுக்க முன்வந்தது. மீன்பிடித் தடைக்காலத்துக்கும், உப்பளத்தில் வேலை நின்றுபோகும் மழைமாதங்களுக்கும் நிவாரணத் தொகை உண்டென்பது இன்று வழக்கமாகிவிட்டது. தடைக்கால நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக்குவதாக 2023-இல் மண்டபத்தில் முதலமைச்சர் அறிவித்தார். தர்மமாக இருந்தது பாத்தியதையாக மாறிவருகிறது.

வைத்தியச் செலவிலும் இந்த மாற்றம் தெரிகிறது. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் ஜனங்கள் தம் மடியிலிருந்து அவிழ்த்துக் கொடுத்த பங்கு 2013-14-இல் நூற்றுக்கு 64.2, அது 2021-22-இல் 39.4 ஆக இறங்கியது. அதே காலத்தில் சர்க்காரின் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1.15 சதவீதத்திலிருந்து 1.84-க்கு ஏறிற்று. ஆனால் 2025-க்குள் 2.5 சதவீதத்தை எட்டுவோம் என்று 2017-ஆம் வருஷத்துத் தேசியச் சுகாதாரக் கொள்கையே வாக்களித்திருந்ததை நினைத்தால், பெருமைப்படுவதற்கு முன் சற்று நிற்கத் தோன்றுகிறது.

நான் அதிகமாக வருந்துவது வேறொன்றைப் பற்றி. மத்திய சர்க்காரின் முதியோர் உதவித்தொகை 1995 ஆகஸ்ட் 15-இல் 75 ரூபாயாகத் தொடங்கி, 2006-இல் 200 ரூபாயாயிற்று. அறுபது முதல் எழுபத்தொன்பது வயது வரையுள்ளவர்களுக்கு அதே 200 ரூபாய்தான் இன்றும். நம் மாநிலம் தன் நிதியைச் சேர்த்து 2011-இல் 1,000 ஆகவும், 2023-இல் 1,200 ஆகவும் உயர்த்திக் கொடுத்தது உண்மை. அந்த இரண்டு உயர்வுகளுக்கும் இடையே பன்னிரண்டு வருஷம் கழிந்ததும் உண்மை. அதற்குள் அரிசி விலை, பஸ் கட்டணம், வீட்டு வாடகை எதுவும் காத்திருக்கவில்லை.

ஐப்பசி மழைக்கு முன்னே உப்பு அம்பாரத்தைப் பனையோலை வேய்ந்து மூடவேண்டும் என்பது நம்மூர் அளத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மூடாத அம்பாரம் கரைந்து ஓடிவிடும். சர்க்கார் தன் உத்தியோகஸ்தர்களுக்கும் அவர்களில் ஓய்வு பெற்றவர்களுக்கும் வருஷத்துக்கு இருமுறை அகவிலைப்படியைத் திருத்தி அந்த ஓலையை வேய்ந்துகொடுக்கிறது. அது நியாயமே, அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் வெயிலில் உப்பு வாரிக் கால் வெடித்து, கண் மங்கி, கேட்பாரற்று முதுமை எய்திய ஒரு தாயின் தொகையை மட்டும் மழையில் திறந்து போட்டிருப்பதற்கு எந்த அர்த்தசாஸ்திரத்தில் சமாதானம் இருக்கிறது? தொகையைக் குறைக்கிறோம் என்று யாரும் சட்டம் செய்வதில்லை. சும்மா இருந்தாலே போதும், அது குறைந்துவிடுகிறது.

ஆகவே, ஓட்டுக் கேட்டு உங்கள் வாசலுக்கு வருகிறவர்களிடம், எந்தக் கட்சியைச் சேர்ந்தவராயினும், இதைக் கேளுங்கள்: முதியோர் உதவித்தொகையையும் விலைவாசிக் குறியீட்டோடு பிணைத்து வருஷந்தோறும் உயர்த்தச் சம்மதமா? பதிலை அந்த இடத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.