பிச்சாவரம் போய் வருவோம்



நம் கஞ்சிக்கோட்டில் காடு என்றால் மலைதான் நினைவுக்கு வரும். வாளையாற்றுக் காடு, அதில் யானை, நடுவே ரயில் பாதை. இன்று நான் சொல்லப்போவது வேறு காடு. அது கடலோரத்தில் உப்புத் தண்ணீரில் நிற்கிறது. சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். பெயர் பிச்சாவரம்.

அவ்வளவு தூரத்தில் இருக்கும் காட்டுக்கும் நமக்கும் என்ன உறவு? வாளையாற்றுத் தண்ணீர் மேற்கே ஓடிப் பொன்னானியில் கடலில் சேருகிறது. ஆனால் நம் மாவட்டத்தில் அட்டப்பாடி மழை மட்டும் கிழக்கே போகிறது. சிறுவாணி பவானியில் கலக்கும். பவானி காவிரியில் கலக்கும். இடுக்கி மறையூர்ப் பக்கத்துப் பாம்பாறும் அமராவதி வழியாகக் காவிரிக்கே போகிறது. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. கொள்ளிடம் கடலில் சேரும் இடம் ஒன்று, வெள்ளாறு சேரும் இடம் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் பிச்சாவரம்.

அங்கே சுரபுன்னை மரங்களைப் பார்க்கலாம். அடிமரத்திலிருந்து வேர்கள் பந்தல்கால் போல இறங்கிச் சேற்றில் ஊன்றி நிற்கும். விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் போலத் தொங்கும். தில்லை மரமும் உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் வந்தது இதனால்தான். அதன் பாலைத் தொடாதீர்கள், கண்ணில் பட்டால் ஆபத்து.

இந்த மரங்கள் உப்பைத் தாங்கும். ஆனால் உப்பு மட்டுமே இருந்தால் தாங்காது. ஆற்று நல்ல தண்ணீரும் வேண்டும். வெள்ளையர் காலத்தில் பகுதி பகுதியாக மரங்களை ஒட்ட வெட்டினார்கள். வெயில் பட்டு மண் தாழ்ந்து தொட்டி போல ஆனது. ஏறி வந்த கடல் தண்ணீர் திரும்பிப் போக வழியில்லை. தேங்கி வற்றி, உப்பு மிகுந்தது. புதுக் கன்று முளைக்கவில்லை. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டினார்கள். தண்ணீர் போய் வந்தது. நட்ட கன்றுகள் பிழைத்தன. மண்வெட்டி வேலைதான், ஆனால் யோசித்துச் செய்த வேலை.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. கடலை ஒட்டிய மணல் திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டில் பல உயிர்கள் போயின. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. தூரமும் மேடும்கூடக் காரணம் என்று சொல்கிறவர்கள் உண்டு. இருந்தாலும், அலையின் வேகத்தை மரங்கள் தணித்ததை அந்த ஊர்க்காரர்கள் நேரில் கண்டார்கள். 2022இல் இந்தக் காடு ராம்சார் என்னும் உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது.

போகிறவர்கள் கோவை, திருச்சி வழியாகச் சிதம்பரம் போகலாம். பிச்சாவரத்தில் சுற்றுலாத் துறையின் படகுத் துறை உண்டு. காலையிலேயே போங்கள். தொப்பியும் குடிதண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் படகை விடத் துடுப்புப் படகே நல்லது என்பேன். குறுகலான வாய்க்காலுக்குள் அதுதான் நுழையும். சத்தம் இல்லாததால் நாரையும் கொக்கும் பறக்காமல் இருக்கும். பிளாஸ்டிக் பையைத் தண்ணீரில் போடாதீர்கள். அது வேர்களில் சிக்கி அங்கேயே கிடக்கும்.

வாய்க்காலில் சிலர் தண்ணீரில் இறங்கி, கையாலேயே தடவி இறால் பிடிப்பதைப் பார்ப்பீர்கள். அவர்கள் இருளர் மக்கள். நம் அட்டப்பாடியில் மலையில் இருக்கும் அதே பெயருடைய மக்கள், அங்கே கடலோரத்தில் இருக்கிறார்கள். படகை மெதுவாக விடச் சொல்லி, என்ன மீன் கிடைத்தது என்று கேட்டுப் பாருங்கள்.