மிஷின் மாட்டினால் மட்டும் முழங்கால் மடங்காது

(நம் சங்கத்தின் மூத்த குடிமக்கள் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் டாக்டர் இல்லை. வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவன் என்ற தகுதியில் பேசுகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் பிசியோதெரபிஸ்ட் அம்மா 'டென்ஸ்' என்ற சின்ன மிஷினை வாங்கச் சொன்னார். பேட்டரியில் ஓடும், கைக்கு அடக்கமானது. அதன் பேட்களைத் தோலில் ஒட்டினால் மெல்லிய மின்துடிப்பு போகும், சுருசுருவென்று இருக்கும். வலி சற்று அடங்கும்.

எப்படி? கால் மேஜையில் இடித்தால் உடனே தேய்த்துவிடுகிறோம் அல்லவா? தேய்க்கும் உணர்வு, வலிச் செய்தி மூளைக்குப் போகும் வழியில், தண்டுவடத்திலேயே அதை மட்டுப்படுத்துகிறது. 1965-இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரு விஞ்ஞானிகள் இதை ஒரு 'கதவு' போல விளக்கினார்கள். இந்த மிஷின் செய்வதும் ஏறக்குறைய அந்தத் தேய்க்கும் வேலைதான். எல்லோருக்கும் ஒரே அளவு பலன் தராது. மாத்திரைக்கு மாற்றும் அல்ல.

இனி நான் செய்த தப்பு. மிஷினை மாட்டிக்கொண்டு சுகமாக டி.வி. பார்த்தேன். வலி இல்லை, பயிற்சியும் இல்லை! பத்து நாள் கழித்து அந்த அம்மா அளந்தபோது கால் 70 டிகிரிதான் மடங்கியது. "மிஷினைப் போட்டுட்டு சும்மா உட்கார்ந்தா எப்படி சார்? உள்ளே இறுகிடுச்சுன்னா, மயக்க மருந்து கொடுத்து மடக்க வேண்டி வரும்" என்றார். பயந்துவிட்டேன்.

அன்றிலிருந்து மிஷினைப் போட்டபடியே மடக்கி நீட்டினேன், நடந்தேன். ஆறாவது வாரம் 110 டிகிரி. வலி குறைந்த அந்த அரை மணி நேரம் கைமாற்றாக வாங்கிய பணம் மாதிரி. பயிற்சியில் போட்டால் லாபம். சோபாவில் உட்கார்ந்தால் நஷ்டம்.

சில எச்சரிக்கைகள்:

• தையல் மேலோ, மரத்துப்போன இடத்திலோ பேட் ஒட்டக்கூடாது. ஆபரேஷனுக்குப் பின் தழும்பின் பக்கத்தில் மரத்திருப்பது சகஜம்.
• கழுத்தின் முன்பக்கம், மார்பு வேண்டாம்.
• தூங்கும்போதும் குளிக்கும்போதும் வேண்டாம்.
• கெண்டைக்காலில் வலி, வீக்கம், காய்ச்சல், தையலில் கசிவு இருந்தால் மிஷினால் சமாளிக்காமல் உடனே டாக்டரிடம் போங்கள்.

கடைசியாக ஒன்று. பக்கத்து பிளாக் நண்பர் தோள்வலிக்கு மிஷினை இரவல் கேட்டார். எடுத்துக் கொடுக்கப் போனேன். "அவருக்குப் பேஸ்மேக்கர் வெச்சிருக்கே!" என்று என் மனைவி தடுத்தாள். மிஷினின் துடிப்பு பேஸ்மேக்கரைக் குழப்பக்கூடும். நல்ல மனசோடு ஒரு விபரீதம் செய்யப் பார்த்தேன்.

மிக்சி, ஏணி எது வேண்டுமானாலும் கேளுங்கள், தருகிறேன். இதை மட்டும் உங்கள் டாக்டரைக் கேட்டபின் கேளுங்கள்.