குளத்து ஆமைக்குஞ்சு எந்த ஊர்ப் பிள்ளை?



ஜொகூரில் தாமான் பக்கத்துக் குளக்கரைகளில் காலை வெயில் நேரத்தில் சற்று நின்று பாருங்கள். மிதக்கும் கட்டைகளில் ஆமைகள் வெயில் காயும். தன் உடலுக்கு வேண்டிய சூட்டை வெளியிலிருந்துதான் ஆமை பெறுகிறது. நீர்ச்செடிகளுக்கு நடுவே, உள்ளங்கைக்குள் அடங்கும் குஞ்சுகளும் தலை நீட்டும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் அந்தக் குஞ்சு எந்த ஊர்ப் பிள்ளை என்று பார்த்திருக்கிறோமா?

பச்சை ஓடும் கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடும் இருந்தால், அது அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியைப் பூர்வீகமாகக் கொண்ட செங்காது ஆமை. செல்லப்பிராணிக் கடை வழியாக இங்கே வந்தது. வாங்கும்போது 3 சென்டிமீட்டர்தான் இருக்கும். வளர்ந்தால் 25 சென்டிமீட்டரை எட்டும். 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். தொட்டி போதாதபோது, "பாவம், பிழைத்துப் போகட்டும்" என்று குளத்தில் விடுகிறார்கள். புண்ணியம் தேடி வாங்கி விடுபவர்களும் உண்டு.

நம் மண்ணின் ஆமை வேறு. மலாயில் 'குரா-குரா கத்துப்' என்பார்கள். கருத்த ஓடு, முகத்தில் மஞ்சள் கோடுகள். வளர்ந்த ஆமை ஆபத்து வந்தால் ஓட்டைப் பெட்டிபோல் மூடிக்கொள்ளும். அது ஒரு தடவைக்குப் பெரும்பாலும் 2 முட்டைதான் இடும். செங்காது ஆமையோ பத்துக்கு மேலும் இடும். ஒரே குளத்தில் தீனிக்கும் வெயில் காயும் இடத்துக்கும் போட்டி வந்தால், வந்தவர் பெருகுவார், வீட்டுக்காரர் ஒடுங்குவார். உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் செங்காது ஆமையும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 1997-லேயே அதன் இறக்குமதியைத் தடை செய்தது.

குற்றம் ஆமையுடையது அல்ல. வாங்கிவிட்டால் கடைசிவரை வளர்ப்போம். முடியாதபோது வளர்க்கக் கூடியவரிடம் ஒப்படைப்போம். வழி தெரியாவிட்டால் பெர்ஹிலித்தான் அலுவலகத்தைக் கேட்போம். குளத்தில் மட்டும் விட வேண்டாம்.

குளத்துக் குஞ்சை வீட்டுக்குக் கொண்டுவரவும் வேண்டாம். ஆமையின் உடலில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். சிறு பிள்ளைகளுக்கு அது பரவியதால்தான் அமெரிக்கா 1975-இல் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையைத் தடுத்தது. தொட்டிருந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

இந்த வார இறுதியில் பிள்ளைகளைக் குளக்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். சத்தமின்றித் தள்ளி நின்றால் குஞ்சுகள் தாமாகவே வெளியே வரும். சிவப்புக் கோடா, மஞ்சள் கோடா என்று அவர்களே பார்த்துச் சொல்லட்டும்.