திருவலகும் உழவாரமும்



சிவாலயங்களின் தென் திருச்சுற்றில் அறுபத்துமூவர் திருவுருவங்கள் வரிசையாக எழுந்தருளியிருப்பதை அன்பர்கள் கண்டு வணங்கியிருப்பீர்கள். அவ்வரிசையில் பெயர் எழுதப்படாவிடினும் எளிதில் இனங்காணத்தக்கவர் திருநாவுக்கரசு நாயனார். கூப்பிய கரங்கள், தோளிலே சாய்ந்த நீண்ட காம்பு, அதன் நுனியில் தட்டையான இரும்பு அலகு. அதுவே உழவாரம். திருச்சுற்றில் முளைத்த புல்லையும் முள்ளையும் செதுக்கி எறியும் கருவி. இன்று கிடைக்கும் தேவாரப் பாடல்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவற்றைப் பாடியருளிய ஒருவருக்கு ஏட்டுச் சுவடியன்றோ அடையாளமாக அமைந்திருத்தல் வேண்டும்? சிற்பியரோ புல் செதுக்கும் கருவியையே அளித்தனர். அதன் காரணத்தை எண்ணிப் பார்த்தல் தகும்.

கோயிலுக்கு வருவோர் பலர் சந்நிதியில் நின்று உறுதி ஒன்று செய்துகொள்வதுண்டு. நாளை முதல் விடியலில் எழுவேன், சினங்கொள்ளேன், புகையிலையைத் தொடேன் என்பர். நெற்றியில் திருநீறு இருக்குமளவும் அவ்வுறுதியும் இருக்கும். மூன்றாம் நாள் பழைய பழக்கம் வந்து தன் இடத்தில் அமர்ந்துகொள்ளும். அதனால் மனம் வருந்தித் தம்மையே இகழ்ந்துகொள்வாரும் உளர். இஃது அவர்தம் அன்பின் குறையன்று. உறுதி மனத்தில் தோன்றுவது. பழக்கமோ உடம்பிலும் நேரத்திலும் ஊறிக் கிடப்பது. மனத்தின் சொல்லை உடம்பு உடனே கேட்பதில்லை. கைக்கு ஒரு வேலை கொடுத்தால் அது மெல்லக் கேட்கத் தொடங்குகிறது.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் அருளிய பெரியபுராணத்தில் இதற்குச் சான்றாக விளங்குபவர் திலகவதியார். பண்ருட்டியை அடுத்த திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் மகளாகப் பிறந்தவர்; நாவுக்கரசரின் தமக்கையார். தந்தையார் மறைந்தார்; தாயாரும் உடன் மறைந்தார். மணம் பேசி வைத்திருந்த கலிப்பகையார் போர்க்களத்தில் உயிர் துறந்தார். உயிர் வாழ்வதில் விருப்பமற்று நின்ற அம்மையாரின் திருவடியில் இளைய தம்பி வீழ்ந்து அழுதார். அத்தம்பிக்காகவே அவர் உயிர் தாங்கினார். பின்னர் அத்தம்பியும் வேறு நெறியை நாடித் திருப்பாதிரிப்புலியூர் சென்று, தருமசேனர் என்னும் பெயர் பெற்று, கல்வியால் பெருமதிப்புடன் வாழலானார். யாருக்காக உயிர் வைத்திருந்தாரோ அவரும் அருகில் இல்லை. இந்நிலையில் ஒருவர் செய்யக்கூடியது யாது?

அம்மையார் திருவதிகை வீரட்டானத்தை அடைந்தார். அங்கே ஒரு மடம் அமைத்துக்கொண்டு, புலருமுன் எழுந்து திருவலகால் திருமுற்றத்தைக் கூட்டினார், சாணநீரால் மெழுகினார், மலர் கொய்து மாலை தொடுத்தார். மறுநாளும் அதுவே, அதற்கு மறுநாளும் அதுவே. தம்பியை ஆட்கொள்ளுமாறு இறைவனிடம் வேண்டிக்கொண்டார். வேண்டுதல் நிறைவேறும் வரை கை ஓயவில்லை. அத்தனை துயரையும் சுமந்த நெஞ்சம் ஒரு துடைப்பத்தைப் பற்றிக்கொண்டு நின்றது என்றால் மிகையாகாது.

தருமசேனரைச் சூலைநோய் பற்றியது. எம்மருந்தாலும் தணியாத நிலையில் அவர் தமக்கு உணவு சமைப்பவரைத் தமக்கையாரிடம் அனுப்பினார். தாம் அங்கு வருவதற்கில்லை என அம்மையார் மறுத்துவிட்டார். அதன்பின் தருமசேனரே இரவோடிரவாகத் திருவதிகைக்கு வந்து, தமக்கையாரின் அடியில் வீழ்ந்தார்.

இவ்விடத்தை ஊன்றி நோக்குதல் வேண்டும். அம்மையார் கடிந்துரைக்கவில்லை. விட்டுச் சென்ற ஆண்டுகளுக்குக் கணக்குக் கேட்கவில்லை. திருவைந்தெழுத்தை ஓதித் திருநீறு அளித்தார். பின்னர்த் திருப்பள்ளியெழுச்சிக்கு முன், நாள்தோறும் எடுத்துச் செல்லும் அதே திருவலகையும் சாணத்தையும் தோண்டியையும் எடுத்துக்கொண்டு தம்பியையும் உடன் அழைத்துச் சென்றார். தம்பி திரும்பி வந்த நாளன்றும் முற்றம் கூட்டப்பட்டது! வலியால் துடிக்கும் ஒருவர், எவ்வழியே நடப்பது என்று தெரியாத இருளில், ஏற்கெனவே நாள்தோறும் நடந்து பழகிய ஒருவரின் பின்னே நடந்தார். சந்நிதியில் நின்று முதற் பதிகம் பாடினார், நோய் நீங்கியது, நாவுக்கரசர் என்னும் திருநாமம் கிடைத்தது.

பெரும்பாலோர் கதையை இங்கே நிறுத்திவிடுவர். இதற்கு மேல்தான் செய்தி உள்ளது. அருள் பெற்றபின் நாவுக்கரசர் பாடுவதோடு அமையவில்லை. மனத்தால் நினைந்து, வாக்கால் பாடி, காயத்தால் தொண்டு செய்ய உழவாரத்தைக் கையில் ஏந்தினார். கற்றோர் அவையில் தலைமை பெற்று, பிறர் பணிவிடை செய்ய வாழ்ந்தவர் குனிந்து புல் செதுக்கினார். பழைய வாழ்வின் பழக்கம் நாவில் மட்டுமன்றி முதுகெலும்பிலும் இருந்திருக்குமன்றோ? அது வளைந்தாலன்றிப் புதிய வாழ்வு முழுமை பெறாது. சென்ற தலமெல்லாம் இதனைச் செய்தார், முதுமையிலும் விடவில்லை.

திருவீழிமிழலையில் பஞ்சம் நேர்ந்தபோது திருஞானசம்பந்தருக்கும் அப்பருக்கும், அடியார்க்கு அமுது அளிக்கும்பொருட்டு, இறைவன் நாள்தோறும் படிக்காசு அருளினார். அப்பர் பெற்ற காசு முழுமதிப்புடன் கடைவீதியில் செல்லும். சம்பந்தர் பெற்ற காசுக்கோ வாசி, அதாவது வட்டம், கழிக்கப்படும். காசு மாற்றத் தாமதமானதால் சம்பந்தர் மடத்தில் அமுதும் தாமதமாயிற்று. காரணம் வினவிய பிள்ளையார், அப்பர் கைத்தொண்டு செய்பவர் என்பதனால் அக்காசுக்கு வாசியில்லை என்று உணர்ந்தார். பின்னர்ப் பதிகம் பாடித் தம் காசின் வாசியும் நீங்கப் பெற்றார். ஞானப்பால் உண்டவரே கைத்தொண்டின் மதிப்பை இவ்வாறு உணர்ந்தார் எனின், ஏனையோர் அதனை எளிதென்று தள்ளுதல் ஆகாது.

பழக்கத்தை மாற்ற விழைவோர் பெரிய நோன்பு எதுவும் மேற்கொள்ள வேண்டுவதில்லை. வீட்டு வாயிலில் கோலமிடுமுன் ஒரு பதிகம் ஓதலாம். மாலையில் கோயிலுக்கு வருவோர் திருச்சுற்றில் ஒரு மூலையைத் தமக்கென வைத்துக்கொண்டு, அங்குக் கிடக்கும் கற்பூர உறைகளையும் வாடிய பூவையும் நாள்தோறும் எடுத்துப் போடலாம். நேரமும் இடமும் மாறாதிருத்தல் வேண்டும். பணி சிறிதாயிருத்தல் நன்று. ஒரு நாள் தவறினால் மறுநாள் வழக்கம்போல் தொடங்குக. தவறியதற்கு ஈடாக இருமடங்கு செய்வோர் ஐந்தாம் நாள் களைத்து விட்டுவிடுவர். எஞ்சிய திருநீற்றைத் தூணிலும் மாடத்திலும் கொட்டாமல் நெற்றியிலோ தாளிலோ வைத்துக்கொள்ளும் பழக்கம் ஒன்று வந்தாலே பல கோயில்களில் பாதித் தூய்மை வந்துவிடும்! உழவாரப் பணிக்கு வருவோர் கோயில் பணியாளரைக் கேட்டே கருவியெடுக்க வேண்டும். கல்வெட்டுள்ள சுவரைச் சுரண்டுதல் எக்காரணத்தாலும் கூடாது.

நாள்தோறும் ஒன்றையே செய்தால் அது பொருளற்ற இயந்திரச் செயலாகிவிடாதா என்று வினவுவோர் உளர். வினா நியாயமானதே. அதற்கு விடை திருப்புகலூரில் கிடைக்கிறது. அப்பரடிகள் முதிர்ந்த பருவத்தில் அத்தலத்தில் உழவாரப் பணி செய்தபோது, செதுக்கிய இடமெல்லாம் பொன்னும் நவமணியும் தோன்றுமாறு இறைவன் செய்தருளினார். நெடுங்காலம் பழகிய அக்கை அவற்றைப் பிரித்துப் பார்க்கவில்லை. அடியார் நடக்கும் வழியில் கிடந்த பருக்கைக் கற்களோடு அவற்றையும் சேர்த்து அள்ளி அருகிலிருந்த குளத்தில் எறிந்தது.