மாப்பிள்ளைக்கு என்ன செய்கிறார்கள்?
(யூபிலி விழாவில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி ஆண்டில் இறைவனுக்கு நன்றி கூறுவதோடு, நம்மை நாமே சற்று ஆராய்ந்து பார்ப்பதும் தகும். நம் பகுதியில் திருமணம் என்றதும் எழும் முதல் கேள்வி, "மாப்பிள்ளைக்கு என்ன செய்கிறார்கள்?" என்பதே. கேள்வி மாறவில்லை, பதில்தான் மாறி வந்திருக்கிறது.

நம் பெற்றோர் காலத்தில் அம்பத்தூரில் செய்த சைக்கிளும், எச்.எம்.டி. கைக்கடிகாரமும், டிரான்சிஸ்டரும் கொடுத்தால் அது பெரிய இடத்துச் சம்பந்தம். 1975-இல் சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியபின், டி.வி. உள்ள வீட்டிற்குத் தனி மரியாதை. பிறகு ஸ்கூட்டர், அதன் பிறகு கார். 1998-இல் நம் திருவள்ளூர் ஆலையிலிருந்தே லான்சர் கார் வெளிவந்தது.

இன்றோ சைக்கிளை அரசே பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகத் தருகிறது. 2006-இல் தொடங்கிய திட்டத்தால் வண்ணத் தொலைக்காட்சியும் ஏழைகளின் வீடு தேடி வந்தது. எல்லாருக்கும் கிடைத்ததும் அவற்றின் பெருமை போயிற்று. பொருளா கெட்டுப்போயிற்று? இல்லை. அடுத்த வீட்டில் இல்லை என்பதுதான் அதன் பெருமையாக இருந்தது! அந்த இடத்தில் இப்பொழுது புல்லட் வண்டி வந்து நிற்கிறது. அதுவும் 1950-களிலேயே திருவொற்றியூரில் உருவாகத் தொடங்கிய பழைய வண்டிதான்.

பொருள் மாறினாலும் தகப்பனின் கடன் மாறவில்லை. சிப்காட்டில் இரவு ஷிப்டு பார்த்து, நகையை அடகு வைத்து அவர் வாங்கித் தரும் பொருள் ஐந்தாண்டில் பழசாகிறது, வட்டியோ பழசாவதில்லை. வரதட்சணை 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நாமோ அதற்குச் 'சீர்' என்று பெயரிட்டுக் கொண்டோம்.

பொன் மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல இருக்கையும், கந்தை உடுத்தியவனுக்கு நிற்க இடமும் கொடுத்த சபையை யாகப்பர் தம் திருமுகத்தில் கண்டிக்கிறார். அன்று மோதிரம், இன்று மண்டப வாசலில் ரிப்பன் கட்டி நிறுத்திய வண்டி.

ஆகவே இவ்வாண்டு முதல் நம் பங்குத் திருமணங்களில் சீர்ப் பொருள்களைப் பார்வைக்குப் பரப்பி வைக்க வேண்டாம். கோவிலில் ஓலை வாசிக்குமுன், "இது கடன் இல்லாத திருமணமா?" என்று இரு வீட்டாரும் கேட்டுக்கொள்வோம். பெண்ணைப் பெற்றவர் மட்டுமல்ல, பிள்ளையைப் பெற்றவரும் கேட்க வேண்டும்.

கானாவூர்த் திருமண வீட்டில் இரசம் தீர்ந்தபோது, தேவ அன்னை அக்குறையை ஊரறியச் சொல்லவில்லை. தம் மகனிடம் மட்டும் சொன்னார்கள். அந்த வீட்டாரின் மானம் காத்த அன்னை, நம் வீடுகளின் மானத்தையும் காப்பார்களாக. ஆமென்.