புளித்த மாவு

(மன்றத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)

 

நம் மன்றம் தொடங்கிய புதிதில் இதே கோவளத்தில் நான் ஒரு கவிதை படித்தேன். மாமல்லபுரத்தைப் பற்றியது. கல் பேசுகிறது, உளி பாடுகிறது என்றெல்லாம் எழுதியிருந்தேன். படித்து முடித்ததும் மூத்த கவிஞர் ஒருவர், “மாவு புளித்துவிட்டது, தம்பி” என்றார். அவை சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் அதன்பின் பல ஆண்டுகள் ஒரு வரியும் எழுதவில்லை.

அந்தச் சொல்லுக்கு இன்று மறுமொழி கூற விழைகிறேன்.

‘புளித்துப் போயிற்று’ என்பதும், ‘அரைத்த மாவையே அரைக்கிறார்’ என்பதும் தமிழில் கவிஞனுக்கு வசை. நம் அடுக்களையோ புளிப்பினால் வாழ்வது. மாவு புளிக்காவிடில் இட்லி கல்லாகும். உறைமோர் இல்லையேல் பால் தயிராகாது.

பணி ஓய்வுக்குப் பின் நான் வீட்டில் ரொட்டி சுடத் தொடங்கினேன். கடை ஈஸ்ட் சேராத, மேனாட்டார் ‘சோர்டோ’ என்று அழைக்கும் ரொட்டி. கோதுமை மாவையும் நீரையும் சம எடையில் குழைத்து மூடி வைத்தால், மாவிலேயே உறையும் ஈஸ்ட்டும் லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்களும் பெருகி, ஒரு வாரத்தில் நுரைத்தெழும். நாள்தோறும் பாதியை அகற்றிவிட்டு மீதிக்குப் புதுமாவும் நீரும் ஊட்ட வேண்டும். உறைமோரைப் போன்ற இதனை உறைமாவு எனலாம். 500 கிராம் மாவுக்கு 350 கிராம் நீர், 100 கிராம் உறைமாவு, 10 கிராம் உப்பு. குளிர்நாட்டு நூல்கள் இரவெல்லாம் காத்திருக்கச் சொல்கின்றன. நம் சித்திரை வெயிலில் நான்கைந்து மணி நேரத்தில் பொங்கிச் சரிந்துவிடும். என் முதல் ரொட்டி தட்டையாகவும் கடும்புளிப்பாகவும் வந்தது. “இதற்குத் தோசையே வார்த்திருக்கலாமே” என்றார் என் துணைவியார்.

ஒருமுறை, பாதியை அகற்ற மனம் வராமல், உறைமாவை அப்படியே விட்டு வெளியூர் சென்றேன். திரும்பியபோது மேலே சாம்பல் நிற நீர். மூக்கைத் துளைக்கும் நெடி. செத்துவிட்டதென்றே எண்ணினேன். ஆயினும் அடியிலிருந்து ஒரு கரண்டி மட்டும் எடுத்துப் புதுமாவு ஊட்டினேன். மூன்றாம் நாள் அது எழுந்தது. பழையதாகிவிட்டதால் அது சோரவில்லை, பசியால் சோர்ந்திருந்தது!

அந்த வாரமே, தெற்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மாமல்லபுரத்திற்குச் சென்றேன். திரௌபதி ரதத்தின் முன் நெடுநேரம் நின்றேன். அது நம் கிராமத்துக் கூரைக் குடிசையின் வடிவம். ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி ஓலைக் கூரையைப் பாறையில் செதுக்கினான். பின்வந்த இராசசிம்மன் காலத்துச் சிற்பிகள் ஒற்றைப் பாறையை விட்டு, கல்மேல் கல்லடுக்கிக் கடற்கரைக் கோயிலையும் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலையும் எழுப்பினார்கள். பழையதில் ஒரு கரண்டியை வைத்துக்கொண்டார்கள். மற்றதை விடத் துணிந்தார்கள்.

கிருஷ்ண மண்டபத்தில் ஓர் ஆயன் பால் கறக்கிறான். பசு கன்றை நக்குகிறது. அருகே உறியில் கலயங்கள் ஏந்திய ஒரு பெண். என் பழைய கவிதையில் இவர்கள் ஒருவரும் இல்லை. எவரோ சொன்ன கல்லையும் உளியையும்தான் நான் சொல்லியிருந்தேன். என் கண் கண்டதை அதற்கு ஊட்டவேயில்லை. மூத்தவர் சொன்னது சரியே. ஆனால் குற்றம் புளிப்பில் இல்லை, ஊட்டாமையில் இருந்தது.

அன்பர்களே, பத்தாண்டு என்பது ஒரு மன்றத்திற்கு ஆபத்தான வயது. அதே தலைப்பு, அதே கைதட்டல், அதே முன்வரிசை. நாம் படித்தவற்றுள் பாதியை அகற்ற நமக்கு மனம் வரவேண்டும். இளையோர் கொணரும் புதுமாவு நம் கைக்குப் பழகாததாக இருக்கலாம்; அதனால்தான் அது வேண்டும்.

நான் மீண்டும் எழுதத் தொடங்கியிருக்கிறேன். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்த கவிஞர் ஐயா அவர்களுக்கு ஒரு ரொட்டியும் கொண்டுவந்திருக்கிறேன். புளிப்புச் சற்றுத் தூக்கல்தான், ஐயா. ஆனால் மாவு நன்றாக எழுந்திருக்கிறது.