கொனி வோக்கர்: காணாமற்போனவர்களைத் தேடிய குரல்



இந்த மாத உரையில் கனடாவின் பூர்வகுடிப் பத்திரிகையாளர் ஒருவரைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அவர் பெயர் கொனி வோக்கர். தொலைக்காட்சிச் செய்தியிலும் விவரணங்களிலும் தொடங்கி, பொட்காஸ்ட் எனப்படும் ஒலித்தொடருக்கு வந்து, 2023இல் புலிட்சர் விருதையும் பீபொடி விருதையும் ஒரே தொடருக்காகப் பெற்றவர். காணாமற்போனவரைத் தேடும் குடும்பமும், பழையதைப் பேச விரும்பாத தகப்பனும் எங்கள் வீடுகளுக்குப் புதியவர்கள் அல்லர். அவருடைய கதைகள் அப்படியான வீடுகளுக்குள் இருந்துதான் வருகின்றன.

கொனி வோக்கர் சஸ்கச்சுவான் மாகாணத்தின் ஒக்கனீஸ் முதற்குடியைச் சேர்ந்த கிறீ இனப் பெண். அவர் உயர்தரப் பாடசாலையில் படித்த காலத்தில், 1995இல், ரெஜைனா நகருக்கு அருகே பமீலா ஜோர்ஜ் என்ற பூர்வகுடித் தாய் அடித்துக் கொல்லப்பட்டார். செய்தவர்கள் இரண்டு வெள்ளையின இளைஞர்கள். கொலைக்குற்றத்துக்குப் பதிலாக, அதிலும் குறைந்த கைமோசக் கொலைக் குற்றத்துக்கே தண்டனை கிடைத்தது: ஆறரை ஆண்டு. இறந்தவர் என்ன தொழில் செய்தார் என்ற பேச்சே பெரிதாக இருந்தது. அவர் யாருடைய மகள், யாருடைய தாய் என்ற பேச்சு குறைவு. இதைப் பொறுக்காமல் அந்த மாணவி பாடசாலைப் பத்திரிகையில் எழுதினார். அதுவே அவருடைய முதலாவது செய்திக் கட்டுரை.

பின்னர் கனேடிய அரச ஒலிபரப்பு நிறுவனமான சி.பி.சி.யில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வேலை செய்தார். 2012இல் வந்த ‘எய்த் பயர்’ என்ற பூர்வகுடிகள் பற்றிய விவரணத் தொடரிலும் பங்காற்றினார். ஆனால் தொலைக்காட்சிச் செய்தியில் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். ஒரு பெண் காணாமற்போனாள் என்று சொல்லலாம். அவளுடைய தாயை எந்த வயதில் வதிவிடப் பாடசாலைக்குக் கொண்டுபோனார்கள், அந்தக் குடும்பம் எப்படிச் சிதறியது என்று சொல்ல நேரம் இல்லை. ஒலித்தொடரில் அந்த நேரம் கிடைத்தது.

2016இல் வந்த முதல் தொடர், 1989இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் கொல்லப்பட்ட அல்பேர்ட்டா வில்லியம்ஸ் பற்றியது. ஓய்வுபெற்ற பொலிஸ் அதிகாரி ஒருவர் எழுதிய மின்னஞ்சலே தொடக்கம். அவர் இறந்துகிடந்த இடம், பூர்வகுடிப் பெண்கள் பலர் காணாமற்போனதால் ‘கண்ணீர் நெடுஞ்சாலை’ என்று பெயர் பெற்ற 16ஆம் இலக்க நெடுஞ்சாலைக்கு அருகில். இது தனியொரு வழக்கின் கதை அன்று. 1980 முதல் 2012 வரை கொல்லப்பட்ட அல்லது காணாமற்போன பூர்வகுடிப் பெண்கள் 1,181 பேர் என்று கனேடிய மத்திய பொலிசாரே 2014இல் கணக்குக் காட்டினார்கள்.

2018இல் ‘பைண்டிங் கிளியோ’ வந்தது. 1970களில் சஸ்கச்சுவானில் ஒரு தாயிடமிருந்து அரச நலன்புரி அதிகாரிகள் பிள்ளைகளைப் பிரித்து, வெவ்வேறு குடும்பங்களுக்குத் தத்துக் கொடுத்தார்கள். இப்படிப் பறிக்கப்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகள் நாடு முழுவதும் ஏறத்தாழ 20,000 பேர். கிளியோ என்ற சிறுமி அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவள் கொல்லப்பட்டாள் என்ற கதையைச் சகோதரங்கள் நம்பி வாழ்ந்தார்கள். கொனி வோக்கர் ஆவணம் ஆவணமாகத் தேடி உண்மையைக் கண்டார். கிளியோ 1978இல், 13 வயதில், நியூ ஜேர்சியில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டிருந்தாள். கொலைகாரனைத் தேடிப் போன தொடர், ஒரு பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்த சட்டத்தின் முன்னால் போய் நின்றது. நல்ல செய்தி அன்று அது. ஆனாலும் ஒரு சகோதரிக்கு, போய் நின்று அழ ஒரு கல்லறை கிடைத்தது.

2019இல் அவர் சி.பி.சி.யை விட்டு கிம்லெட் என்ற அமெரிக்க நிறுவனத்துக்குப் போனார். அங்கே ‘ஸ்டோலன்’ என்ற தொடரைத் தொடங்கினார். அதன் இரண்டாவது பருவம்தான் விருதுகளைப் பெற்றது.

2021 மே மாதம் கம்லூப்ஸ் நகரின் முன்னாள் வதிவிடப் பாடசாலை வளவில், கல்லறைகளாக இருக்கக்கூடிய சுமார் 200 இடங்கள் ரேடார் ஆய்வில் தெரிந்ததாகச் செய்தி வந்தது. அப்போது அவருடைய சகோதரர், காலமாகிவிட்ட தகப்பனார் சொன்ன ஒரு சம்பவத்தை வெளியிட்டார். தகப்பனார் 1970களின் கடைசியில் மத்திய பொலிசில் இருந்தவர். ஓர் இரவு, குடித்துவிட்டு ஓட்டுவதாகச் சந்தேகித்து ஒரு காரை மறித்தார். உள்ளே இருந்தவர், சிறுவயதில் வதிவிடப் பாடசாலையில் தன்னைப் பாலியல் வதை செய்த பாதிரியார். அந்த இடத்திலேயே அவரை அடித்தார்.

மற்றவர்களின் குடும்பங்களை இத்தனை ஆண்டுகள் விசாரித்த மகளுக்கு, சொந்தத் தகப்பனின் இந்தக் கதை தெரியாது. சிறுவயதில் அவர் கண்டது கோபக்காரத் தகப்பனை மட்டுமே. அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று தேடி, டக் லேக் என்ற இடத்தில் இருந்த சென்ற் மைக்கல் பாடசாலை வரை போனார். அங்கே படித்து உயிர் தப்பிய 25க்கும் மேற்பட்டவர்களிடம் பேசினார். அவர்களில் அவருடைய உறவினர்களும் இருந்தார்கள்.

அந்தத் தொடர் இன்னொரு பூட்டையும் காட்டியது. வதிவிடப் பாடசாலைகளில் நடந்த வதைக்கு நட்டஈடு கோரிய ஏறத்தாழ 38,000 பேரின் வாக்குமூலங்கள் இரகசியமாக வைக்கப்பட்டுள்ளன. கொடுத்தவர் பாதுகாக்கும்படி கேட்டாலன்றி, அவை 2027 செப்டெம்பருடன் அழிக்கப்பட வேண்டும் என்பது 2017இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த முடிவு. தன் வேதனையை ஊர் அறியக்கூடாது என்று நினைக்க ஒருவருக்கு முழு உரிமை உண்டு. அதேவேளை, அந்தக் காகிதங்களோடு ஒரு நாட்டின் சாட்சியமும் போய்விடும். இரண்டும் உண்மை.

இத்தனை விருது பெற்ற தொடரையும் ஸ்பொட்டிஃபை நிறுவனம் 2023 டிசம்பரில் நிறுத்துவதாக அறிவித்தது. நவஹோ தேசத்தில் காணாமற்போனவர்கள் பற்றிய மூன்றாவது பருவம் 2024இல் வெளிவந்தது. எங்கள் கதைகளை வேறொருவரின் நிறுவனம் எப்போதும் காப்பாற்றும் என்று நம்பியிருக்க முடியாது என்பதற்கு இது ஒரு பாடம்.

நேயர்களே, நாங்கள் அடைக்கலம் தேடி வந்து குடியேறிய மண்ணின் மூத்த மக்கள் இவர்கள். அவர்களுடைய கதையை அறிவது எங்கள் கடமை. கூடவே, எங்கள் வீட்டிலும் பேசாத அப்பாக்கள், அம்மம்மாக்கள் இருக்கிறார்கள். எங்கே இடம்பெயர்ந்தார்கள், யாரை எங்கே விட்டு வந்தார்கள் என்று பிள்ளைகளுக்குச் சரியாகத் தெரியாது. இளையவர்களே, கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்யும் வசதி உங்கள் எல்லோரிடமும் உண்டு. முதலில் அவர்களிடம் அனுமதி கேளுங்கள். சொல்ல விரும்பாததை வற்புறுத்த வேண்டாம். ஊர், பெயர், ஆண்டு மூன்றையும் குறித்து வையுங்கள். கொனி வோக்கர் தன் தகப்பனின் கதையை மற்றவர்களிடம் கேட்டுத்தான் அறிய முடிந்தது. உங்களில் பலருக்கு, இன்றைக்கும் அவர்களிடமே கேட்க முடியும்.